பெட்டி தமிழை மறந்த பிறகு

அன்று காலை ஆபீசில் நான் எடுத்த முதல் போனில் மனிதக் குரல் இல்லை. "டமில் லெட்டர், டமில் லெட்டர், டமில் லெட்டர்" என்று ஓர் இயந்திரக் குரல், வெள்ளைக்காரன் வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி நிறுத்தாமல் சொல்லிக்கொண்டிருந்தது. யாரோ விளையாடுகிறார்கள் என்று வைத்துவிடப் போனேன். அதற்குள் ஒரு பெண்மணி போனை வாங்கிக்கொண்டார்.

"வச்சிராதீங்கம்மா. ஆரியசாலையிலருந்து பேசுதேன். அவுகதான் பெட்டில அடிக்காக. எதை அடிச்சாலும் இதையேதான் சொல்லுது. காலைல காப்பி கேட்டாக, அதுக்கும் லெட்டர்தான். இது என்ன கூத்து?"

குரலைக் கேட்டதும் ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. அவர் கணவர் ஆரியசாலையில் புளியும் வற்றல் மிளகாயும் மொத்தமாக விற்கிற வியாபாரி. தொண்டையில் புற்றுநோய் வந்து குரல்வளையை எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு எங்கள் பெட்டியில்தான் பேசிக்கொண்டிருந்தார். நான் அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவேன். அந்தத் தெருவில் எல்லோருக்கும் அவர் அண்ணாச்சிதான்.

"செத்த இருங்கோ அக்கா, பாத்துட்டுக் கூப்பிடறேன்" என்றேன். பின்னால் பெட்டி விடாமல் லெட்டர், லெட்டர் என்றது. அண்ணாச்சி அதில் என்னிடம் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். என்ன கேட்டார் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

மலையாளம் பேசுகிற எங்கள் ஊரின் ஓரத்தில், கழக்கூட்டத்தில், பெரிய பெரிய கண்ணாடிக் கட்டடங்களுக்கு நடுவே, ஒரு கட்டடத்தின் பாதி மாடியில் இருந்தது எங்கள் கம்பெனி. பெட்டி வாங்கியவர்களிடம் போனில் பேசுவது என் வேலை. கரமனையிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போய்வருவேன். தமிழும் மலையாளமும் பேசத் தெரிந்தவள், கோபமாகப் பேசுகிறவர்களிடம் பொறுமையாக இருப்பவள் என்பதற்காக எடுத்துக்கொண்டார்கள். நான் படித்தது கணக்கியல். கம்ப்யூட்டர் எப்படி வேலை செய்கிறது என்பது அங்கே போய்க் காதில் விழுந்து தெரிந்துகொண்டதுதான்.

நாங்கள் விற்றது பேச முடியாதவர்களுக்கான ஒரு பெட்டி. டிபன் பாக்ஸைவிடக் கொஞ்சம் அகலம். மேலே எழுத்துப் பலகை, முன்னால் ஸ்பீக்கர். அடித்ததைப் பேசும். பெரும்பாலும் ஆஸ்பத்திரிகள்தான் வாங்கின. பக்கவாதம் வந்தவர்கள், தொண்டையில் குழாய் போட்டவர்கள் நர்ஸைக் கூப்பிட அது உதவும். வீட்டுக்கு வாங்கியவர்கள் குறைவு. அதிலும் தமிழில் பேச வாங்கியவர்கள் இன்னும் குறைவு.

அத்தனை சின்னக் கம்பெனி எப்படி ஒரு பெட்டியை இத்தனை பாஷை பேச வைத்தது என்று நான் சேர்ந்த புதிதில் ஆச்சரியப்பட்டிருக்கிறேன். எங்கள் என்ஜினியர்தான் சொன்னான். அவன் மார்த்தாண்டத்துக்காரன். ஆபீசில் என்னைத் தவிரத் தமிழ் படிக்கத் தெரிந்த ஒரே ஆள். வயதில் சின்னவன் என்பதால் என்னைச் சேச்சி என்பான்.

"நம்ம எழுதினது கொஞ்சந்தான் சேச்சி. பேசுக என்ஜின் நம்மளுது இல்ல. ஓப்பன் சோர்ஸு. லோகத்துல பல ஆளுக சேந்து சும்மா எழுதிப் போட்டது. யாரு வேணும்னாலும் எடுக்கலாம், மாத்தலாம், விக்கவும் செய்யலாம். அது இல்லேன்னா நம்மளால இங்கிலீஷே பேச வைக்க ஒக்காது."

கேட்கச் சந்தோஷமாக இருந்தது. எங்கோ முகம் தெரியாத மனிதர்கள் எழுதிவைத்த ஒன்று, ஆரியசாலைக் கடையில் மிளகாய் மூட்டைகளுக்கு நடுவே ஒருவருக்கு வாயாக இருக்கிறது. இதைவிட நல்ல காரியம் என்ன இருக்க முடியும்?

ஆனால் எடுத்தபடியே வைத்த தமிழ்க் குரல் கேட்கிற மாதிரி இல்லை. குளவி பறப்பது போலக் கீச்சென்று, வேகமாக ஓடும். கேள்விக்கும் பதிலுக்கும் ஒரே ராகம். என்ஜினியர் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு அதைத் திருத்தினான். பல நாள் சாயங்காலங்களில் அதே வேலை. நான் ஒரு வாக்கியம் சொல்வேன், பெட்டி சொல்லும். "இன்னும் தாழ்த்து. 'வந்தாச்சா'ல கடைசில தூக்கணும். 'பழம்' சரி, 'வாழைப்பழம்' ஓடிப்போறது" என்பேன். அவன் எதையோ மாற்றுவான். கடைசியில் ஐம்பது வயது ஆண்பிள்ளை ஒருவர் சற்றே ஜலதோஷத்தோடு பேசுகிற மாதிரி ஒரு குரல் வந்தது. மனிதக் குரல் என்று யாரும் ஏமாற மாட்டார்கள். ஆனால் சேர்ந்து வாழ முடிகிற குரல்.

அண்ணாச்சி பெட்டி வாங்கின வாரம், பழக்கிக்கொடுக்க நான்தான் போனேன். அன்றைக்குத் தென்காசிப் பக்கமிருந்து ஒரு லாரி புளி வந்து இறங்கியது. அவர் ஒரு மூட்டையில் கைவிட்டுப் பார்த்தார். ஈரம். டிரைவரைப் பார்த்தார். பெட்டியை மடியில் வைத்து ஒரு விரலால் நிதானமாக அடித்தார். டிரைவர் காத்துக்கொண்டு நின்றான். பெட்டி உரக்கச் சொன்னது: "இது புளியா, சேறா?"

தெருவே சிரித்தது. சுமைக்காரர்கள் மூட்டையை இறக்கிவைத்துவிட்டுச் சிரித்தார்கள். டிரைவரும் சிரித்துவிட்டான். அண்ணாச்சிக்குச் சத்தம் வராது, ஆனால் தோள்கள் குலுங்கின. ஆபரேஷனுக்குப் பிறகு அவர் அப்படிச் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்ததாக அவர் மனைவி என்னிடம் சொன்னார்.

அந்தப் பெட்டிதான் இப்போது லெட்டர், லெட்டர் என்றது.

போனை வைத்துவிட்டு நேரே என்ஜினியரிடம் போனேன். அவன் என் முகத்தைப் பார்த்ததும், "தமிழா?" என்று கேட்டான். அவனுக்கு முன்பே தெரிந்திருந்தது.

நடந்தது இதுதான். அந்தப் பேசும் என்ஜினில் ஒரு ஓட்டை இருப்பதை யாரோ கண்டுபிடித்து வெளியே சொல்லிவிட்டார்கள். பெட்டி ஆஸ்பத்திரியின் வைஃபையில் இருப்பதால், அந்த ஓட்டை வழியாக யாரும் ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர்களுக்குள் நுழையலாம். சமாசாரம் பரவியதும் ஆஸ்பத்திரிகள் எல்லாம் ஒரே குரலில் கேட்டன, உடனே அடைக்கிறீர்களா, பெட்டிகளைத் திருப்பி அனுப்பட்டுமா என்று. என்ஜினை எழுதுகிறவர்கள் ஓட்டையைப் புதிய பதிப்பில் அடைத்தார்கள். பழைய பதிப்பை யாரும் தொடவில்லை. புதியதில், கவனிக்க ஆளில்லாத பாஷைகளை எடுத்துவிட்டிருந்தார்கள். தமிழ் அதில் ஒன்று. அதனால் தமிழ் எழுத்து எதைக் கண்டாலும் புதியது படிக்கத் தெரியாமல் 'டமில் லெட்டர்' என்று மட்டும் சொல்லும். எங்கள் கம்பெனி புதிய பதிப்பை எல்லாப் பெட்டிகளுக்கும் அனுப்பியது. அண்ணாச்சியின் மகன் பெட்டியைக் கடை வைஃபையில் சேர்த்திருந்தான். அது தானாக வாங்கிக்கொண்டது.

"மலையாளம் இருக்கே?" என்றேன்.

"அத இங்க ஒரு காலேஜ் பிள்ளேரு சேந்து பாத்துக்கிடுது."

"தமிழ் பேசறவா உலகம் பூரா இருக்காளேடா."

"பேச ஆளு உண்டு சேச்சி. இதப் பாத்துக்கிட ஆளு இல்ல."

"பழசையே திருப்பிப் போடேன், அவர் பெட்டிக்கு மட்டும்."

"ஓட்டை உள்ளதுன்னு தெரிஞ்சே போட்டா நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா யாரு சமாதானம் சொல்ல? கம்பெனிக்க டிஜிட்டல் கையெழுத்து இல்லாத ஒரு புரோகிராமும் பெட்டில ஓடாது. கையெழுத்து எனக்க கையில இல்ல."

தமிழ் போகப்போவதை அவன் மேலிடத்தில் சொல்லியிருக்கிறான். தமிழ்ப் பெட்டிகள் குறைவுதானே, ஆஸ்பத்திரிகள் முதலில், மற்றது பிறகு என்று முடிவாகியிருந்தது. தப்பான முடிவு என்றும் சொல்ல முடியாது. போன் எடுக்கிற என்னிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை.

அந்த வாரக் கடைசியில் கிழக்கேகோட்டையில் இறங்கி, சாலைக் கடைத்தெரு வழியாக ஆரியசாலைக்கு நடந்தேன். கடைவாசலில் என்னைப் பார்த்ததும் அண்ணாச்சி பெட்டியை இழுத்து வைத்துக்கொண்டு அடித்தார்.

"வரணம், வரணம். இரிக்கணம்" என்று மலையாளத்தில் வரவேற்று உட்காரச் சொன்னது பெட்டி.

அவர் மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்தவர். மலையாளம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. லாரிக்காரர்களிடமும் சுமைக்காரர்களிடமும் முன்பும் பாதி மலையாளம்தான். அதனால் கடை ஒன்றும் நிற்கவில்லை. நான் இருந்த நேரத்தில் வந்த இரண்டு வியாபாரிகளிடமும் பெட்டி சுத்தமான மலையாளத்தில் விலை பேசியது. பரவாயில்லையே என்றுகூட நினைத்தேன்.

கடைக்கு மேலேதான் வீடு. அவர் மனைவி மாடிக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

"கடைல கொழப்பம் இல்லம்மா. வீட்டுலதான். எனக்கு மலையாளம் மனசிலாவும், அதில்ல. நாப்பது வருசமா எங்கிட்ட அவுக மலையாளத்துல ஒரு வார்த்த பேசினதில்ல பாத்துக்கிடுங்க. இப்ப என்ன செய்யுதாகன்னா, மலையாள எழுத்துலயே தமிழ அடிக்காக. 'சாப்பாடு ஆச்சா'ங்கத அது ரேடியோல நியூஸ் வாசிக்க மாதிரி நீட்டி நீட்டிச் சொல்லுது. மொத நாளு சிரிச்சோம். பேரப்பிள்ளைய எல்லாம் அதே மாதிரி பேசிக் காட்டிச்சு."

"அப்பறம்?"

"நேத்து எங்கிட்ட கோவப்பட்டாக. பால் பாத்திரத்த அடுப்புல வச்சிட்டு நான் மறந்துட்டேன், கரிஞ்சு போச்சு. அதுக்குத்தான் கோவம். மொகமெல்லாம் செவந்து வேகு வேகுன்னு அடிச்சாக. பெட்டி என்ன செஞ்சிச்சு? அதையும் நியூஸாட்டு வாசிச்சிச்சு. எனக்கு அடக்க முடியல, சிரிச்சுட்டேன். அவுக அடிக்கத நிறுத்திட்டுக் கீழ போயிட்டாக. ராத்திரி சாப்பாட்டுக்கும் பெட்டிய எடுக்கல."

அவர் சொல்லும்போதே முகத்தில் சிரிப்பு வந்து, பாதியில் நின்றது.

மகன் தன் போனில் ஏதோ போட்டுக் கொடுத்துப் பார்த்திருக்கிறான். அது நன்றாகத் தமிழ் பேசியதாம். ஆனால் டிவியில் வருகிற சென்னைத் தமிழ். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் இண்டர்நெட்டுக்குப் போய் வர வேண்டும். கடை வைஃபை மந்தம், அந்தத் தடித்த சுவர்களுக்குள் போன் சிக்னலும் கிடைப்பதில்லை. பதில் வருவதற்குள் எதிரில் இருப்பவர் வேறு பேச்சுக்குப் போய்விடுகிறார். இரண்டு நாளில் அண்ணாச்சி அதை மேஜை டிராயருக்குள் போட்டுவிட்டார்.

இறங்கி வந்தபோது அண்ணாச்சி பெட்டியில் ஒரே கேள்விதான் கேட்டார், மலையாளத்தில். எப்போது சரியாகும்?

"பாக்கறேன் அண்ணாச்சி" என்றேன்.

திங்கட்கிழமை மானேஜரைப் பார்த்தேன். ஆஸ்பத்திரிக் கருவிகளிலேயே வாழ்க்கையைக் கழித்தவர். கெட்டவரில்லை. நான் பால் கரிந்த கதையைச் சொன்னபோது கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு முழுவதும் கேட்டார். பிறகு மலையாளத்தில் நிதானமாகச் சொன்னார். இந்த என்ஜின் நமக்குச் சும்மா கிடைத்தது. அதனால்தான் பெட்டி பிறந்தது. காசு கொடுத்து வாங்கியிருந்தால், விற்றவனைக் கூப்பிட்டு, ஏனடா எடுத்தாய் என்று சட்டையைப் பிடிக்கலாம். சும்மா கொடுத்தவனிடம் போய் என்ன கேட்பது? அவன் முதலிலேயே எழுதிவைத்திருக்கிறான், இதற்கு நான் எந்தப் பொறுப்பும் ஏற்கவில்லை, எடுத்துக்கொள்கிறவன் பாடு என்று. தமிழை நாமே திரும்பச் செய்ய வேண்டுமானால் புதுக் குரல் பதிவு செய்ய வேண்டும், பெட்டியை மறுபடி பரிசோதனைக்கு அனுப்பிச் சான்றிதழ் வாங்க வேண்டும். அது அண்ணாச்சி போன்ற நாலைந்து பேருக்காக.

"எனிக்கு வெஷமம் உண்டு" என்றார். வருத்தம் இருக்கிறது என்று. இருந்தது, முகத்திலேயே தெரிந்தது. அவரைக் கோபித்துக்கொள்ளலாம் என்று தயாராகப் போயிருந்தேன். அதற்கு இடமே கிடைக்கவில்லை.

தமிழைக் கவனித்துக்கொண்டிருந்த ஆள் யார் என்று என்ஜினியர் தேடினான். பழைய பதிப்பில் யார் எதை மாற்றினார்கள் என்பது வரிக்கு வரி பதிவாகியிருக்குமாம். தமிழ்ப் பகுதி முழுக்க ஒரே பெயர். மெயில் எழுதினோம். சில நாள் கழித்து, போனிலேயே பேசலாம் என்று நம்பரோடு பதில் வந்தது.

திருச்சியில் ஒரு வங்கியில் வேலை பார்க்கிறவர். பார்வை இல்லாதவர். இதைப் பேச ஆரம்பித்ததும் அவரே சொன்னார்.

"பெட்டில வச்சு வித்தீங்களா? அப்படியாம்மா! எனக்குத் தெரியவே தெரியாது. என் கம்ப்யூட்டர் எனக்குப் படிச்சுக் காட்டணும்னு எழுதினேன். ஆபீஸ்ல தமிழ்ல லெட்டர் வந்தா பக்கத்து சீட்டுக்காரர்கிட்டக் கெஞ்சணும். அந்தக் கடுப்புல செஞ்சதுதான். அதை வச்சு ஒரு மனுஷர் பேசறாரா? என்ன பேசுவாரு?"

ஈரப் புளி கதையைச் சொன்னேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். பக்கத்தில் யாரையோ கூப்பிட்டு அதையே திரும்பச் சொல்லி மறுபடி சிரித்தார். என்ஜினியரும் நானும் ஸ்பீக்கர் போனைச் சுற்றி உட்கார்ந்து, காரியம் கைகூடிவிட்டது போலச் சிரித்தோம்.

அப்புறம் அவர் விஷயத்துக்கு வந்தார்.

"இப்ப போனே எனக்கு நல்லாப் படிக்குதும்மா. அதனால நானும் அதை விட்டுட்டேன். அம்மாவுக்கு வேற உடம்புக்கு முடியலை, ஆபீஸ் விட்டா ஆஸ்பத்திரிதான். இனிமே முடியாது, யாராச்சும் தமிழைப் பாத்துக்கங்கன்னு எல்லாரும் பாக்கற இடத்துல எழுதிப் போட்டேன். ஒருத்தரும் வரலை. உங்க கம்பெனில யாரும் அதைப் பாக்கலையா?"

அவர் குற்றமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். என்ஜினியர் என்னைப் பார்த்தான். அந்த இடத்தைப் போய்ப் பார்ப்பது எங்கள் கம்பெனியில் யாருடைய வேலையாகவும் இருக்கவில்லை.

"புதுசுல சேத்துத் தர முடியுமா சார்?" என்று கேட்டேன்.

"நான் செஞ்சது விதி. இந்த எழுத்துக்குப் பின்னால இது வந்தா இப்படிச் சொல்லுன்னு ஒண்ணொண்ணா எழுதினது. புதுசுல விதிக்கு இடமே இல்லம்மா. ஒருத்தர் உக்காந்து மணிக்கணக்காப் படிச்சுப் பதிவு பண்ணணும், அதைப் பெரிய மிஷின்ல போட்டுப் பழக்கணும். எங்கிட்ட ரெண்டும் இல்லை." பிறகு சொன்னார், "பழசு அங்கதான் இருக்கு. அதை யாரும் பூட்டி வைக்க முடியாது. எடுத்துக்கங்க. நீங்க குரலைத் திருத்தினதாச் சொன்னீங்களே, அதையும் அப்பவே அனுப்பியிருந்தீங்கன்னா அதோட சேத்து வச்சிருப்பேன். குடுக்கணும்னு கட்டாயம் இல்லை, நான் அப்படித்தான் லைசென்ஸ் போட்டேன். இருந்தாலும்…"

போனை வைப்பதற்கு முன் அண்ணாச்சிக்குத் தன் வணக்கத்தைச் சொல்லச் சொன்னார்.

'பழசு அங்கதான் இருக்கு' என்பதைப் பிடித்துக்கொண்டோம். பெட்டியில் போட முடியாது, போனில் போடலாமே. என்ஜினியர் ஒரு பழைய போனில் பழைய பதிப்பை ஏற்றினான். எந்த வைஃபையிலும் சேராமல் வைத்தால் ஓட்டையால் ஆபத்தில்லை. ஞாயிற்றுக்கிழமை நானும் அவனும் ஆரியசாலை போனோம்.

அண்ணாச்சி சட்டை மாற்றிக்கொண்டு காத்திருந்தார். போனை வாங்கி, சின்ன எழுத்துகளில் தடித்த விரல் தடுமாற, நேரம் எடுத்து அடித்தார். குரல் வந்தது. தமிழ்தான். ஆனால் அந்தக் குளவிக் குரல். நானும் என்ஜினியரும் பல சாயங்காலங்கள் உட்கார்ந்து அடக்கி வைத்ததற்கு முந்தைய குரல். எனக்கு அது தெரிந்திருக்க வேண்டும். தமிழ் வருமா என்கிற ஒரே கவலையில் மற்றதை மறந்திருந்தேன்.

அவர் மனைவி பக்கத்தில் நின்றபடி, "யாரோ பேசுத மாதிரில்லா இருக்கு" என்றார்.

அண்ணாச்சி அவரை நிமிர்ந்து பார்த்தார். பிறகு ஒரே வார்த்தை அடித்தார்.

"நான்தான்" என்று கீச்சிட்டது போன்.

"தெரியுது. காதுக்குத் தெரியலையே" என்றார் அந்த அம்மாள்.

அண்ணாச்சி போனை மேஜைமேல் மெதுவாக வைத்தார். அதைத் திருப்பித் தந்தால் நாங்கள் வருத்தப்படுவோம் என்று நினைத்திருக்க வேண்டும். எங்கள் முன்னாலேயே இன்னும் ஒன்றிரண்டு முறை எடுத்து எடுத்துப் பார்த்தார். எங்களுக்கு மோர் வந்தது. குடித்தோம்.

திரும்பும் வழியில் என்ஜினியரிடம் கேட்டேன், திருத்தின குரல் ஆபீஸ் கம்ப்யூட்டரில்தானே இருக்கிறது என்று.

"எடுக்க ஒரு நிமிஷமும் ஆவாது சேச்சி. ஆனா அது கம்பெனிக்க சொத்து. சேரும்போ எழுதிக் குடுத்திருக்கேன். வெளிய குடுத்தா எனக்க வேல போவும். வீட்டுல கைக்குழந்தை உண்டு."

அவனை நான் மேற்கொண்டு கேட்கவில்லை. மறுபடி மானேஜரிடம்தான் போனேன். அந்தத் திருத்தங்களை எல்லோருக்கும் பொதுவாக வெளியிட்டுவிடலாமே, திருச்சிக்காரருடையதோடு சேர்ந்துவிடுமே என்று கேட்டேன். அவருக்கு அது பிடித்திருந்தது. சும்மா எடுத்ததற்குச் சும்மா ஒன்றைத் திருப்பிக் கொடுப்பது நியாயம்தான் என்று அவரே சொன்னார். வக்கீலிடம் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றார். கம்பெனியை ஒரு பெரிய கம்பெனிக்கு விற்கிற பேச்சு நடந்துகொண்டிருந்ததால் வக்கீல் தடுத்துவிட்டார். விற்பனை முடிகிறவரை ஒரு வரியும் வெளியே போகக்கூடாது. முடிந்த பிறகு அது மானேஜர் கையிலேயே இல்லை. வாங்கியவர்கள் பெங்களூர்க்காரர்கள். அவர்களுக்கு ஆஸ்பத்திரிகள் போதும்.

அவர்களிடமிருந்து எனக்கு ஒரு காகிதம் வந்தது. தமிழ்க் குரலைப் பற்றி யார் கேட்டாலும் அதில் உள்ளதை மட்டும்தான் சொல்ல வேண்டும். "தற்போது இந்தச் சாதனத்தில் தமிழ் வசதி இல்லை. சிரமத்துக்கு வருந்துகிறோம்." அதை நான் தமிழில் படித்தேன். நாகர்கோவிலிலிருந்து ஒரு ரிட்டையர்ட் டீச்சரின் மகள் கூப்பிட்டாள். அவளுக்குப் படித்தேன். பாறசாலையிலிருந்து ஓர் அம்மா கூப்பிட்டார், பேச்சு வராத மகனுக்காக. "நீங்களே தமிழ்லதானே பேசுதீங்க, பின்ன ஏன் இல்லேங்கீங்க?" என்று கேட்டார். காகிதத்தில் இருந்ததையே மறுபடி படித்தேன்.

முதலிலிருந்து நாமே திருத்திப் பார்ப்போம், கம்பெனியுடையதைத் தொடாமல், என்று என்ஜினியர் ஒருநாள் சொன்னான். ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் உட்கார்ந்தோம். குரல் தாழ்ந்தது, வேகம் அடங்கியது. கேள்வியின் கடைசியில் தூக்குவது மட்டும் வரவில்லை. முன்பு எப்படி வரவைத்தோம் என்று இரண்டு பேருக்கும் நினைவில்லை. அடுத்த வாரம் தொடரலாம் என்றான். அந்த வாரம் குழந்தைக்குக் காய்ச்சல். அதற்கடுத்து அவனுக்குக் கொச்சியில் வேலை கிடைத்துவிட்டது. போகும்போது அதுவரை செய்ததைத் திருச்சிக்காரருக்கு அனுப்பிவைத்தான். அவர் நன்றி சொல்லி எழுதினார். அதையும் மற்றவற்றோடு சேர்த்து வைத்திருப்பதாக, யாராவது வந்தால் உதவும் என்று. யாரும் வந்ததாக எனக்குத் தெரியவில்லை.

நானும் அங்கே அதிக நாள் இருக்கவில்லை. பெங்களூர்க்காரர்கள் போன் எடுக்கிற வேலையைத் தங்கள் ஊருக்கே கொண்டுபோய்விட்டார்கள். அதே கழக்கூட்டத்தில் இன்னொரு கம்பெனியில் சேர்ந்தேன். அங்கே நான் வாடிக்கையாளர்களுடன் பேசுவதில்லை. கணக்குதான் பார்க்கிறேன். அவர்கள் விற்பதிலும் யார் யாரோ சும்மா எழுதிக் கொடுத்தது எத்தனையோ இருக்கும். நான் கேட்பதில்லை.

போன மாசம் வீட்டில் ஒரு விசேஷத்துக்குப் புளியும் மிளகாயும் வாங்க ஆரியசாலை போனேன். வேறு கடையில் வாங்கியிருக்கலாம். கால் அங்கேதான் போயிற்று.

அண்ணாச்சி கொஞ்சம் மெலிந்திருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. பெட்டியில் விரல் முன்னைவிட வேகமாக ஓடியது. அம்மா சுகமா, வேலை எப்படி, எத்தனை கிலோ வேண்டும், எல்லாம் மலையாளத்தில் கேட்டார். நானும் சொன்னேன். புளியை நிறுத்துக் கட்டினார். வேறு ஏதாவது வேண்டுமா என்று கேட்கிற மாதிரி, வேறெந்தெங்கிலும் வேணோ என்றது பெட்டி. "வேண்டா, இத்ர மதி" என்றேன், இவ்வளவு போதும் என்று. சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது. வந்ததிலிருந்து அவரிடம் நான் ஒரு வார்த்தைகூடத் தமிழில் பேசியிருக்கவில்லை. அவருக்கும் அது வித்தியாசமாகப் படவில்லை.

அவர் மனைவி காப்பியோடு இறங்கி வந்தார். அண்ணாச்சி அவரிடம் கையை இப்படியும் அப்படியும் ஆட்டினார். அவர் சரி, சரி என்று தலையாட்டிவிட்டு என்னிடம் தம்ளரை நீட்டினார்.

"வீட்டுல இப்ப பெட்டி எடுக்கதில்லம்மா. கையாலயே சொல்லிருவாக. எனக்கு மனசிலாயிரும்."

"எல்லாமே புரியறதா அக்கா? கோபம் வந்தா?"

அவர் அண்ணாச்சியைப் பார்த்தார். அண்ணாச்சி அடுத்து வந்தவருக்கு மிளகாய் எடுத்துக் காட்டிக்கொண்டிருந்தார்.

"கோவமெல்லாம் இப்ப அவுகளுக்கு வாரதில்ல" என்றார்.

காப்பி நன்றாக இருந்தது. இன்னொரு வாய் ஊற்றட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு கிழக்கேகோட்டைக்கு நடந்தேன்.